மறு: நாய்க்கு வைக்கிற பேஸ்மேக்கர் - 'முடுக்கி'யா, 'துடிப்பூட்டி'யா?

எல்லாருக்கும் வணக்கம்.

இதயத் துடிப்பு விட்டுப்போகாம பாத்துக்கிற கருவியான பேஸ்மேக்கருக்குத் தமிழ்ல மனுஷங்க விஷயத்துல 'இதய முடுக்கி'ன்னு புழக்கத்துல இருக்கு, நாய்க்கும் அதையே வச்சுக்கலாம்னு முந்தின மடல்ல எழுதியிருந்தீங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. முடுக்குறதுன்னா வேகத்தைக் கூட்டுறது, இயற்பியல்ல துகள் முடுக்கின்னு அந்தப் பொருள்லதான் வச்சிருக்கோம். பேஸ்மேக்கரோட வேலை அது இல்லையே. இதயம் தானா துடிக்கிற வரைக்கும் அது கவனிச்சுக்கிட்டு சும்மா இருக்கும், குறிச்சு வச்ச நேரத்துக்குள்ள துடிப்பு வரலேன்னாதான் சின்னதா ஒரு மின்தூண்டல் கொடுக்கும். விட்டுப்போன துடிப்பை ஊட்டுது, அதனால 'துடிப்பூட்டி'ன்னு சொல்றேன். இதயத்துல தூண்டல் தானா பிறக்குற இடமான சைனஸ் கணுவையும் 'இயற்கைத் துடிப்பூட்டி'ன்னு சொல்லிடலாம்.

யாருக்கு வைக்கிறாங்கன்னு பாருங்க, இன்னும் தெளிவாகும். சைனஸ் கணுவே தளர்ந்துபோற நாய்ங்க ஒரு வகை, மினியேச்சர் ஷ்னாவ்சர்ங்கிற இனத்துல இது அதிகம். இன்னொரு வகையில இதயத்தோட மேலறையில பிறக்குற தூண்டல் கீழறைக்கு வந்தே சேராது, கீழறை தன்பாட்டுக்கு நிமிஷத்துக்கு 40 தடவையோ அதுக்கும் கீழயோ துடிச்சுக்கிட்டிருக்கும், நாய் நடக்கும்போதே மயங்கி விழும், மாத்திரை பெரும்பாலும் எடுபடாது. கழுத்துச் சிரை வழியா வயரை வலது கீழறைக்குள்ள இறக்கி, பேட்டரிப் பெட்டியைக் கழுத்துத் தோலுக்கு அடியில வச்சுத் தைக்கிறாங்க, அதனால அப்புறம் கழுத்துப்பட்டை ஆகாது, மார்புல போடுற வார்தான். கருவி மனுஷங்களுக்குச் செஞ்சதேதான், 1960கள் கடைசியிலேருந்து நாய்களுக்கும் வைக்கிறாங்க.

இந்த ரெண்டாவது வகையை ஹார்ட் ப்ளாக்குன்னு சொல்றாங்க, அதுக்கு 'இதய அடைப்பு' வேண்டவே வேண்டாம். நாய் வளர்க்கிறவர் அதைக் கேட்டதும் ரத்தக்குழாய்ல கொழுப்பு அடைச்சிருக்குன்னுதான் நினைப்பாரு, அடைபட்டது ரத்தமே இல்ல. 'மின்தடை'யும் ஏற்கெனவே வேற பொருள்ல இருக்கு. 'துடிப்புக் கடத்தல் தடை' நீளம்தான், ஆனா குழப்பாது.

துடிப்போட ஒழுங்கு மாறுறதைச் சொல்ற அரித்மியாவுக்கு 'சீரற்ற துடிப்பு'ன்னு போட்டிருக்கறதையும் மாத்தணும். நல்லா இருக்கிற நாய்க்கே மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், விடும்போது குறையும், காது வச்சுக் கேட்டா சீரில்லாமதான் இருக்கும், அது நோய் இல்ல. நோயா இருக்கிற இடத்துல 'துடிப்புக் கோளாறு'ன்னு எழுதுவோம்.

இதயத்துக்குள்ள இறக்குற அந்த வயரை லீடுன்னு சொல்றாங்க, அதுக்குத்தான் இன்னும் சரியா பேர் அமையல. 'துடிப்பிழை'ன்னு வச்சா படிக்கிறவங்க கண்ணுக்குப் 'பிழை'தான் முதல்ல தெரியும். 'தூண்டிழை' எப்படி இருக்கு? சொல்லுங்க.