பெத்லகேம்: அப்ப வீடா, இறைச்சி வீடா?

ஒலிவமலை:
டிசம்பர் வந்தால் போதும், "பெத்லகேம் என்றால் அப்ப வீடு, அதனால்தான் ஜீவ அப்பமான இயேசு அங்கே பிறந்தார்" என்று எல்லா மேடையிலும் ஒரே பாட்டு. அந்த ஊரில் வாழ்கிறவன் பேசுவது அரபி. அவன் ஊரை 'பைத் லஹ்ம்' என்கிறான். லஹ்ம் என்றால் இறைச்சி. ரொட்டிக்கு அவனிடம் 'குப்ஸ்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. ஆகவே அது இறைச்சி வீடு. அப்பம் பிரசங்கிகள் கொண்டுவந்து ஒட்டியது.

வேர்ச்சொல்:
ஒட்டியதா? பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் 386இல் அந்த ஊரில் குடியேறி, சாகும்வரை அங்கேயே இருந்தவர், எபிரேயம் படித்தவர். தம்மோடு அங்கே வாழ்ந்த பவுலா அம்மையார் இறந்தபின் 404இல் எழுதிய கடிதத்திலேயே பெத்லகேமை 'அப்ப வீடு' என்று வாழ்த்துகிறார். அரபி அந்த ஊரின் பேச்சுமொழி ஆனது அதற்குப் பல தலைமுறைகள் கழித்து.

எபிரேயத்தில் லெஹெம், ரொட்டி. அரமேயத்தில் லஹ்மா, அதுவும் ரொட்டி. சிரியக் கடற்கரையின் பழைய மொழியான உகரித்தில் ல-ஹ-ம் என்றால் உண்பது, உணவு. அரபியில்தான் இறைச்சி. வேர் ஒன்றுதான். எது முக்கிய உணவோ அதற்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது: உழுதவனுக்கு ரொட்டி, மேய்த்தவனுக்கு இறைச்சி. ஊருக்குப் பெயர் வைத்தவன் அரபி பேசவில்லை.

ஒலிவமலை:
எபிரேயத்திலேயே இறைச்சிப் பொருள் இருக்கிறதே. செப்பனியா 1:17இல் "அவர்கள் மாம்சம்" என்று தமிழில் வருகிற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது இதே ல-ஹ-ம் வேர். லேவியராகமம் 3:11இல் பலிபீடத்தில் எரிக்கும் கொழுப்புக்கு லெஹெம் என்றே பெயர். கொழுப்பு ரொட்டியா?

வேர்ச்சொல்:
செப்பனியாவில் இருப்பது 'லெஹூம்', வேறு சொல்லமைப்பு. யோபு 20:23ஐ விட்டால் வேறெங்கும் வராது, இரண்டு இடத்திலும் பொருள் பற்றித் தகராறு. லேவியராகமத்தில் லெஹெம் என்பது 'உணவு', கடவுளுக்குப் படைத்த உணவு. இறைச்சி என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

களிமண்பலகை:
இரண்டு பேரும் சாப்பாட்டை விட்டு வெளியே வாருங்கள். கானான் ஊர்ப்பெயர்களில் 'பெத்'துக்கு, அதாவது வீட்டுக்கு, பின்னால் வருவது பெரும்பாலும் தெய்வம். பெத்ஷிமேஸில் சூரியன், பெத்தானாத்தில் அனாத், பெத்தாகோனில் தாகோன், பெத்தேலில் ஏல். பெத்லகேமில் 'லக்மு'. பாபிலோனியப் படைப்புக் காவியத்தில் லக்மு, லகாமு இணை முதல் தலைமுறைத் தெய்வங்கள். எருசலேம் மன்னன் அப்தி-ஹெபா எகிப்துக்கு எழுதி, அங்கே அமர்னாவில் கிடைத்த களிமண்பலகைக் கடிதங்களில் 290ஆம் எண்ணிலும் (கி.மு. 14ஆம் நூற்றாண்டு) இந்த ஊர் வருகிறது.

வேர்ச்சொல்:
தெய்வத்தோடு முடியும் பெயர்கள் உண்டு, மறுக்கவில்லை. பெத்தப்புவா? ஆப்பிள் வீடு. பெத்பகே? காய் அத்தி வீடு. பெத்சாயிதா? மீன்பிடி வீடு. விளைபொருளையும் தொழிலையும் வைத்தும் 'பெத்' வரும்.

அமர்னா 290இல் 'லக்மு' என்று எழுத்துக்கூட்டி எழுதவில்லை. இருப்பது தெய்வப் பெயருக்கான சுமேரியக் குறி, நினுர்த்தா என்ற மெசொப்பொத்தேமியத் தெய்வத்தின் குறி. அதை லக்மு என்று வாசிப்பது 20ஆம் நூற்றாண்டின் ஊகம். அது பெத்லகேமே அல்ல, பெத்தொரோன் என்ற வேறு ஊர் என்று வாதிட்டவர்களும் உண்டு.

உண்மையான சிக்கல் அந்த ஒரு ஹகரம். எபிரேயமும் அரபியும் சேர்ந்த செமித்திய மொழிக் குடும்பத்தில் இரண்டு ஒலிகள்: தொண்டையிலிருந்து வரும் 'ஹா', கரகரக்கும் 'ஃகா'. குர்ஆன் ஓதக் கற்ற எவருக்கும் இரண்டும் வேறு. எபிரேய எழுத்தில் இரண்டுக்கும் 'ஹேத்' ஒன்றுதான், அதனால் வெளியே தெரியாது. பாபிலோனின் பழைய மொழியான அக்காதியத்தில் பழைய ஹா பொதுவாக விழுந்துவிடும்: ல-ஹ-ம் 'உண்' வேர் அங்கே 'லேமு' ஆகிவிட்டது. லக்முவில் ககரம் நிற்கிறது என்றால் அதன் வேரில் இருந்தது ஃகா. ரொட்டியில் இருப்பது ஹா. இரண்டும் ஒரு சொல் அல்ல.

களிமண்பலகை:
பெத்லகேமில் இருப்பது ஹா என்று எப்படித் தெரியும்? ஹேத்தில் தெரியாது என்று நீங்களே எழுதிவிட்டீர்களே.

ஒலிவமலை:
அரபியில் 'லஹ்ம்' என்று ஹா போட்டுத்தானே சொல்கிறான்! நான் முதலில் சொன்னதற்கே வந்து நிற்கிறீர்கள்.

வேர்ச்சொல்:
அரபி வடிவம் சாட்சி ஆகாது. எரிகோவைப் பாருங்கள். அந்தப் பெயரின் வேர் யாரிஹ், நிலா. உகரித்தில் ஃகா போட்டு எழுதியிருக்கிறது. அரபியில் அரீஹா, அங்கே ஹா. அரமேய வாய்வழியாகப் போனபோது ஃகா கரைந்துவிட்டது. பெத்லகேமுக்கும் அதே பாதை.

சாட்சி கிரேக்க மொழிபெயர்ப்பு. எழுபதின்மர் என்று பெயர், பழைய ஏற்பாட்டினுடையது; அதன் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. ஃகா இருந்த இடத்தில் 'கி' (χ) என்ற கிரேக்க எழுத்தைப் போட்டார்கள்: எரிகோ, ராகேல், ஆரான் மூன்றிலும் இருக்கிறது. ஹா இருந்த இடத்தில் ஒன்றும் போடவில்லை: ஈசாக்கு. இப்போது ஆதியாகமம் 35:19ஐக் கிரேக்கத்தில் திறங்கள். ராகேல் இறந்தாள், எப்பிராத்தா வழியில் அடக்கம்பண்ணப்பட்டாள், அது பெத்லகேம். ஒரே வசனம், ஒரே கை. 'ராக்ஹேல்' என்று கி போட்டவர், அடுத்த மூச்சில் 'பேத்லெஎம்' என்று வெறுமையாக விட்டிருக்கிறார். எபிரேயத்தில் இரண்டும் ஹேத். அவர் காதில் இரண்டும் வேறாக விழுந்திருக்கின்றன.

களிமண்பலகை:
ஒழுங்கு அவ்வளவு சுத்தமில்லை. எபிரோன் கிரேக்கத்தில் 'கெப்ரோன்'. ஹ-ப-ர், நட்பு வேர், உகரித்தில் ஹா. ஆனாலும் கி போட்டார்கள். ராகாப்: யோசுவாவில் 'ராஅப்', மத்தேயு 1:5இல் 'ராகாப்', கி போட்டு. ஒரே பெண்ணுக்கு இரண்டு எழுத்து.

வேர்ச்சொல்:
மத்தேயு எழுபதின்மர் அல்ல. எபிரோனின் வேர் நட்புதான் என்று யார் முடிவு செய்தது? ஆதியாகமம் 35:19க்குப் பதில் சொல்லுங்கள்.

களிமண்பலகை:
எபிரோனுக்கு முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

எழுத்துக்காரி:
இவ்வளவு பேசுகிறவர்கள் தமிழில் 'பெத்லகேம்' என்று ககரம் போட்டதைக் கவனித்தீர்களா? கிரேக்கத்தில் இல்லாத ஒலி நமக்கு எங்கிருந்து வந்தது? 'பெத்லெஹெம்' என்று எழுதினால் இந்தச் சண்டையே பாதி குறையும்.

வேர்ச்சொல்:
குறையாது. உயிருக்குப் பின்னால் வரும் தமிழ்க் ககரம் தானே மெலிந்து ஒலிக்கிறது, 'லகேம்' வாயில் ஏறக்குறைய 'லஹேம்'தான். ராகேல், ராகாப் இரண்டுக்கும் நாம் ஒரே ககரம் போட்டுவிட்டோம், அதனால் தமிழை வைத்து ஒன்றையும் பிரிக்க முடியாது. கிரந்த ஹ போட்டாலும் ஹாவா ஃகாவா தெரியாது.

எழுத்துக்காரி:
தமிழ் எழுத்தைக் குறை சொல்லாதீர்கள். எபிரேயனே ஒரு எழுத்தில்தான் எழுதினான்.

ஒலிவமலை:
2012இல் எருசலேம் தாவீது நகரத்தில் கிடைத்த களிமண் முத்திரையை யாரும் பேசவில்லையே. ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், ஊர்ப்பெயர் தெளிவாக இருக்கிறது.

வேர்ச்சொல்:
அதிலும் ஹேத். ஒரே எழுத்து. முத்திரை ஊரின் பழமையைக் காட்டும், ஒலியைக் காட்டாது.

களிமண்பலகை:
இந்த மன்றத்தின் எரிகோ இழையில் 'வாசனை நகரம்' என்று மூன்று பக்கம் எழுதியவர் இன்று நிலா என்கிறார். அன்று நான் நிலா என்றபோது யாரை 'அரைகுறை' என்றீர்கள்? அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் 35:19ஐப் பார்க்கிறேன்.

வேர்ச்சொல்:
அரைகுறை என்றது நிலாவுக்கு அல்ல, நீங்கள் காட்டிய ஆதாரத்துக்கு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1 சாமுவேல் 16:1இல் தாவீதின் தகப்பன் ஈசாய் 'பேத்-ஹ-லஹ்மி', பெத்லகேம் ஊரான். நடுவில் ஆங்கில 'the' போன்ற சுட்டிடைச்சொல் 'ஹ' வருகிறது. தெய்வப் பெயருக்கு முன்னால் அது வருமா?

களிமண்பலகை:
வரும். 1 இராஜாக்கள் 16:34, பெத்தேல் ஊரானாகிய ஈயேல்: 'பேத்-ஹ-ஏலி'. ஏல் தெய்வம்தானே? 1 சாமுவேல் 6:14இல் பெத்ஷிமேஸ் ஊரான் 'பேத்-ஹ-ஷிம்ஷி'. ஊரானைக் குறிக்கும் விகுதிக்கு அது வழக்கமான இலக்கணம். இதுகூடத் தெரியாமல் ஒலி பேசுகிறீர்கள்.

வேர்ச்சொல்:
சுட்டிடைச்சொல்லை விடுங்கள், அது துணை வாதம். ராகேல், பெத்லகேம், ஒரே வசனம். ஒன்றில் கி இருக்கிறது, ஒன்றில் இல்லை. ஆதியாகமம் 35:19.

ஒலிவமலை:
கிரேக்கன் காதில் எது விழுந்தால் என்ன? இன்றைக்கு அந்த ஊர்ப் பலகையில் 'பைத் லஹ்ம்' என்றுதான் எழுதியிருக்கிறது.

களிமண்பலகை:
எபிரோன்?