‘குறுக்கீட்டு நீக்கம்’ ஒன்று போதாது, இரண்டு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். கைப்பேசித் தொடர்பில் ஒருவர் குறிகையில் (signal) இன்னொருவர் குறிகை வந்து கலப்பதுதான் குறுக்கீடு (interference). அதை ஒடுக்குவது (suppression), கழிப்பது (cancellation) என்ற இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் உரையாடலில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஒடுக்குவது, கழிப்பது இரண்டுக்கும் ‘குறுக்கீட்டு நீக்கம்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. இரண்டும் வேறு வேறு வேலை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே அலைவரிசையில் இரண்டு பயனர்கள், ஒருவர் கோபுரத்துக்குக் கிட்ட, ஒருவர் எட்ட. ஒவ்வொருவரும் +1 அல்லது −1-ஐத் தமக்குரிய குறியீட்டால் (code) பெருக்கி அனுப்புவார். எட்ட இருப்பவரின் குறியீடு (1, 1, 1, 1). கிட்ட இருப்பவருடையது (1, 1, 1, −1). எட்ட இருப்பவர் +1 அனுப்புகிறார், வந்துசேரும் வீச்சு (amplitude) 1. கிட்ட இருப்பவர் −1 அனுப்புகிறார், வீச்சு 10. கோபுரத்தில் உள்ள ஏற்பிக்கு (receiver) இரண்டும் சேர்ந்து கிடைப்பது (−9, −9, −9, 11). எட்ட இருப்பவரின் குறியீட்டால் பெருக்கிக் கூட்டினால் −16. விடை கூட்டலா கழித்தலா என்பதை வைத்துத்தான் +1, −1 என்று படிக்கிறோம். அவர் சொன்னது +1, நாம் படிப்பது −1.

அதே நான்கு எண்களை (1, 1, 1, 3) என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டுங்கள். +6 வரும், விடை சரி. கிட்ட இருப்பவரின் குறியீட்டை இந்த எடைகளால் பெருக்கிக் கூட்டினால் சுழி. அவர் என்ன அனுப்பினார் என்று நாம் பார்க்கவே இல்லை. அவர் குரல் எழாதபடி அமுக்கிவிட்டோம். இதுதான் ‘ஒடுக்கம்’. ‘அடக்கம்’ என்றால் பணிவும் நல்லடக்கமும் குறுக்கே வரும். ஒடுக்கு, ஒடுக்கி, ஒடுக்கப்பட்ட என்று கிளைக்கவும் இது வசதி.

இன்னொரு வழி, வலுவானவரை முதலில் படித்து, அவர் குறிகையை (−10, −10, −10, 10) என்று மறுபடி உருவாக்கி, வந்ததிலிருந்து எடுத்துவிடுவது. மிஞ்சுவது (1, 1, 1, 1), எட்ட இருப்பவர் அப்படியே கிடைத்துவிட்டார். பள்ளிக் கணக்கில் இதற்குப் பெயர் ‘கழித்தல்’. அதையே வைத்துக்கொள்வோம். வலுவானவரைத் தப்பாகப் படித்தால் குறுக்கீடு இரட்டிப்பாகிவிடும். ஒடுக்கத்தில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் எடைகள் இரைச்சலைக் கொஞ்சம் தூக்கிவிடும். குணமே இப்படி மாறுபடும்போது பெயர் எப்படி ஒன்றாக இருக்கும்?

கிட்ட இருப்பவர் எட்ட இருப்பவரை மூழ்கடிக்கும் இந்தச் சிக்கலுக்குப் பெயர் தேடவே வேண்டியதில்லை: ‘கிட்ட–எட்டச் சிக்கல்’. இதைச் சமாளிக்கத்தான், பயனர்களைக் குறியீட்டால் பிரிக்கும் பழைய ஐஎஸ்-95 சிடிஎம்ஏ கைப்பேசி முறையில், கைப்பேசிக்கு வினாடிக்கு 800 முறை ‘அனுப்பும் திறனைக் (power) கூட்டு, குறை’ என்று கட்டளை போனது. திறனைச் சமன் செய்வது ஒன்றே வழியல்ல, பயனர்களைச் சேர்த்துப் படித்தும் மீளலாம் என்பது 1986-இல் தகவல்தொடர்பு ஆய்வாளர் செர்ஜியோ வெர்துவின் ஆய்வுக்குப் பிறகு தெளிவானது. அதற்குப் ‘பல்பயனர் கண்டறிவு’ (multiuser detection) என்பதில் எனக்கு முழு உடன்பாடு.

அப்புறம் adaptation என்பதற்குத் ‘தகவமைப்பு’. உயிரியல் சொல் என்று ஒதுக்க வேண்டாம். (1, 1, 1, 3) என்ற எடை ஏற்பிக்கு முன்கூட்டித் தெரியாது. தெரிந்த பயிற்சித் தொடரைக் கேட்டு, பிழையைப் பார்த்துப் பார்த்து எடையைத் திருத்திக்கொள்கிறது. உயிரினத்துக்குத் தலைமுறைகள், ஏற்பிக்குச் சில நூறு துடிப்புகள். சூழலுக்குத் தக அமைவது இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே, ‘தகவமைக் குறுக்கீட்டு ஒடுக்கம்’.

கண்டறியும் கருவிக்கு ‘கண்டறிவான்’, ‘கண்டறிவி’ இரண்டும் வந்திருக்கின்றன. ‘ஏற்பி’, ‘ஒடுக்கி’ வரிசையில் எனக்குக் ‘கண்டறிவி’தான் இயல்பாகப் படுகிறது. உங்களுக்கு?