சின்னப் பிள்ளைக்குக் கை மாற்று அறுவை: வீட்டுப் பயிற்சி எவ்வளவு காலம்?

பிசியோ மாணவி, கிருஷ்ணகிரி:
2015ல் பிலடெல்பியாவில் 8 வயசு சயான் ஹார்விக்கு இரண்டு கையும் மாற்றினாங்க. அந்த மாதிரிப் பிள்ளைக்கு வீட்டுல பயிற்சி எத்தனை மாசம் போகும்? சட்டை பட்டன் போடுறதுல ஆரம்பிக்கலாமா?

கைப்பயிற்சியாளர், தருமபுரி:
மாசக் கணக்கு இல்லைங்க, வருஷக் கணக்கு. நரம்பு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. தான் வளரும். இணைப்பிலிருந்து விரல் நுனி 15 செ.மீ.ன்னா, உணர்ச்சி அங்கே எட்டவே அஞ்சு மாசம்.

பட்டன் வேண்டாம். மணிக்கட்டுப் பக்கம் இணைச்சிருந்தா, விரலை மடக்கி நீட்டுற முன்கைத் தசை பிள்ளையோடதே, அது சீக்கிரம் வேலை செய்யும். கட்டைவிரலை எதிரே கொண்டுவரும் சின்னத் தசைகள் புதுக் கையோடது, நரம்பு போய்ச் சேரணும். அதனால முதல்ல பந்து, தம்ளர். அதுவும் வெறும் தம்ளர். சூடு தெரியாத விரல் நிமிஷத்துல வெந்துடும்.

ஸ்ப்ளின்ட் (கையை அசையாம தாங்குற பட்டை) கழட்டி 20 நிமிஷம் கழிச்சும் சிவப்புத் தடம் இருந்தா, அது பிள்ளைக்குச் சின்னதாயிடுச்சு.

மருந்தாளுநர், ஓசூர்:
டாக்ரோலிமஸ், அதாவது உடல் புதுக் கையை நிராகரிக்காம தடுக்கிற மாத்திரை, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்தத்துல மருந்து அளவு பார்க்கிற காலையில மாத்திரையைக் கையோட எடுத்துட்டுப் போங்க, ரத்தம் கொடுத்த பிறகுதான் போடணும். முன்னாடியே போட்டா அளவு ஏறிக் காட்டும், டோஸைத் தப்பாக் குறைச்சுடுவாங்க. பம்ப்ளிமாஸ் கூடாது. மாம்பழம்னா கழுவித் தோல் சீவி. காய்ச்சல்னு கடையில ஐபுபுரூஃபன் வாங்காதீங்க, டாக்ரோலிமஸோட சேர்ந்தா சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

கைப்பயிற்சியாளர், தருமபுரி:
ஒண்ணு விட்டுப்போச்சு. புதுக் கைத் தோலில் சிவப்புத் திட்டோ தடிப்போ வந்தா வேர்க்குருன்னு பவுடர் போடாதீங்க. உடல் கையை நிராகரிக்கிறது முதல்ல தோலில்தான் தெரியும். போட்டோ எடுத்து அன்னைக்கே அறுவைக் குழுவுக்கு அனுப்புங்க.