அம்மாவின் கைக்குட்டையில் கிடைத்த கறித்துண்டுகள்

துணி துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். அம்மாவின் கைக்குட்டைக்குள் மென்று மென்று சக்கையாகிப்போன கறித்துண்டுகள் நான்கைந்து இருந்தன. அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதத்தில் 60 கிலோவிலிருந்து 56-க்கு இறங்கியிருந்தார். வயதானால் பசி குறையும்தானே என்று நானும் விட்டுவிட்டேன். கேட்டதற்கு, "மெல்ல முடியல. உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான் சொல்லல" என்றார்.

யோசித்துப் பார்த்தால், கறி, பச்சைக் காய், கொட்டைகள், தோலுள்ள பழம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கியிருக்கிறார். மிஞ்சியது பாலில் நனைத்த ரொட்டியும் பிஸ்கட்டும். வயிறு நிறைந்துவிடும். ஆனால் புரதமும் நார்ச்சத்தும் போய்விட்டன. மலச்சிக்கலுக்குத் தனியாக மாத்திரை வேறு வாங்கிக்கொண்டிருந்தோம்! வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். அம்மாவுக்கு நாளொன்றுக்கு 56 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான்.

பல்செட் ஒன்பது வருடப் பழசு. பல் போன இடத்தில் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும், செட் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும் என்று பல் மருத்துவர் விளக்கினார். இப்போதைய ஈறுக்கு ஏற்றபடி உள்பக்கத்தை நிரப்பிக் கொடுத்தார். வாயும் வறண்டிருந்தது. இரவில் போடும் ஒவ்வாமை மாத்திரைதான் காரணம். எச்சில் குறைந்தால் செட் பிடிக்காது, மென்ற உணவும் உருண்டையாகச் சேராது. மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை, டாக்டரிடம் சொல்லி மாற்றினோம்.

இடையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சேர்த்து மிக்சியில் அரைத்துக் கொடுத்தேன். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தார், தட்டை நகர்த்திவிட்டார். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? அப்புறம் மீன், முட்டை, கொத்துக்கறி, நன்றாக வேகவைத்த காய், துருவிய பழம் என்று தனித்தனியாக வைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் அதனதன் ருசி இருந்தது, சாப்பிட்டார்.

மறுமொழி 1

நானே பல்செட் போடுபவன், வயது 71. முழு செட்டின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் பலத்தில் கால்வாசி இருந்தாலே பெரிய விஷயம். இதை வீட்டில் யாரும் நம்புவதில்லை, "புதுப் பல்தான் வந்தாச்சே" என்பார்கள். முன்பல்லால் கடித்தால் செட் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சின்னத் துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்து மெல்லுங்கள். எனக்குப் பழகவே பல வாரம் ஆனது. அதுவரை விருந்துக்குப் போனால் பசியோடுதான் திரும்புவேன்.

மறுமொழி 2

என் மாமனாருக்கும் பல்தான் பிரச்சினை என்று நினைத்து எல்லாம் மிருதுவாகக் கொடுத்தோம். ஆனால் தண்ணீர் குடித்தாலே இருமுவார், சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாக ஒலிக்கும். அது மெல்லும் குறை இல்லை, விழுங்கும் குறை. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடலாம். இந்த அறிகுறி இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 3

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? எடை ஏறியதா?

முதலில் எழுதியவர்

57 வந்திருக்கிறது. செட் ஒரு இடத்தில் ஈறை உரசிப் புண்ணாக்குகிறது, வியாழக்கிழமை போகிறோம். வலிக்கிறது என்று அம்மா கழற்றி வைத்துவிட்டார். ஆனால் முந்தைய நாளாவது போட்டுக்கொண்டு வரச் சொன்னார் மருத்துவர், ஈறில் சிவந்த இடம் தெரிந்தால்தான் செட்டை எங்கே தேய்ப்பது என்று பார்க்க முடியுமாம்.