உப்புக்காற்றுக் கரையில் தண்டர்பேர்டை வெட்டலாமா?

மண்டபத்தான்:
என்னிடம் உள்ள ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 மோட்டார் சைக்கிளைப் பாபர் (bobber, அதிகப்படி பாகங்களைக் களைந்து எளிமையாக்கும் பாணி) வடிவத்துக்கு மாற்ற விரும்புகிறேன். பின்சீட்டையும் அதைத் தாங்கும் சேசிஸ் (வண்டியின் இரும்புக்குழாய்ச் சட்டகம்) வளைவையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒற்றைச் சீட்டு, குட்டை மட்கார்டு, சிறிய டேங்க் ஆகியவற்றைப் பொருத்தி, சைலன்சர் குழாய்க்கு வெப்பநாடா (சூடு தாங்கும் துணிப்பட்டை) சுற்றுவது என் திட்டம். எல்லோருக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட வண்டியை உடையவன் தனக்கேற்றபடி அமைத்துக்கொள்வது நியாயமே.

கீழக்கரை வாசகர்:
நண்பரே, எனக்கு இதில் உடன்பாடில்லை. அது நெடும்பயணத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டி. 20 லிட்டர் டேங்கையும் பின்னால் இருப்பவர் சாய்ந்துகொள்ளும் இருவர் சீட்டையும் எடுத்துவிட்டால் அதன் பயனே போய்விடும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மண்டபத்தான்:
சட்டத்தை நான் மறுக்கவில்லை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே வெட்டுவேன். ஆனால் வண்டியை அப்படியே வைத்திருந்தால் மட்டும் அது நம் கரையில் பிழைத்துவிடுமா? மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறி தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வரும் எந்த வண்டியின் சீட்டையும் கழற்றிப் பாருங்கள்; போல்ட் தலைகளிலும் பேட்டரித் தட்டின் மூலைகளிலும் உப்பு வெள்ளையாகப் பூத்து, அதன் கீழே பெயின்ட் கொப்பளித்திருக்கும். முழுவதும் பிரித்து, மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை எடுத்து, எபாக்சி பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் துருத்தடுப்பு அடிப்பூச்சு) அடித்தால் சேசிஸுக்குப் புது ஆயுள் கிடைக்கும்.

தொண்டிப் பட்டறை:
பிரித்துப் பூசுவது நல்ல வேலைதான், தம்பி. வெட்டுவது வேறு வேலை. வெல்டிங் சூட்டில் குழாயின் உட்புறப் பூச்சும் கருகிவிடும். அங்கே பிரைமர் போய்ச் சேராது. வெட்டிய வாயைச் சிறு துளைகூட இல்லாமல் மூடாவிட்டால், ஈரக்காற்று உள்ளே புகுந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடும். வெப்பநாடாவோ நனைந்த ஈரத்தையும் உப்பையும் குழாயோடு ஒட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாடாவைப் பிரித்தால் துரு ஏடு ஏடாகக் கையோடு வரும். மட்கார்டைக் குறைத்தால் சக்கரம் வாரும் மணல் ஒயரிங் இணைப்புகளின் மேல் அடிக்கும். வெட்டாமலே பொருத்தக்கூடிய ஒற்றைச் சீட்டு இருக்கும்போது, சேசிஸைத் தொடுவது வீண் வேலை என்பதே என் கருத்து.

மண்டபத்தான்:
ஐயா, வெப்பநாடாவைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுகிறேன்; மட்கார்டையும் சக்கரத்தை மூடும் அளவுக்கு நீட்டலாம். ஆனால் வளைவை விட்டுவைத்து மேலே ஒரு சீட்டை மட்டும் மாற்றினால், பின்னால் வெறும் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும். அது பாபர் ஆகாது. அனுமதி கிடைத்தால் வெட்டிய வாயை முழுமையாக வெல்டிங் செய்து மூடி, குழாயின் உள்ளே துருத்தடுப்பு மெழுகு பாய்ச்சத் துளை ஒன்று விட்டு, மெழுகு போட்டதும் அதையும் அடைத்துவிடுவேன்.

கீழக்கரை வாசகர்:
மெழுகு துருவைத் தடுக்கலாம். பாம்பன் பாலத்தின் பக்கக்காற்றில் இருவராகச் செல்ல வேண்டிய நாளில் இரண்டாமவருக்கு இடம் தராது. என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது.