பள்ளிக்கூடத்துக்குக் கொசு விரட்டும் செடிகள்: பணம் அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாடுகளில் வாழும் நம் ஊர்க்காரர்களின் சங்கப் பணத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொசு விரட்டும் செடிகள் வாங்கி வைக்கலாம் என்று டொராண்டோ அக்கா யோசனை சொல்லி அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வரிசையாக நாற்பது தொட்டிகள், ஒவ்வொன்றிலும் கொசு விரட்டும் செடி ஒன்று. நல்ல எண்ணம். போன ஐப்பசி மழைக்குப் பிறகு கீழத்தெருப் பிள்ளைகள் டெங்குக் காய்ச்சலில் படுத்த செய்தி வந்தபோது, நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று முதலில் எழுதியவர் அக்காதான். அந்த அக்கறைக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் சங்கப் பணம் வங்கியிலிருந்து கிளம்புவதற்கு முன் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டு நடைவழியில் பல ஆண்டுகளாகத் துளசி, ஓமவல்லி, எலுமிச்சைப்புல், திருநீற்றுப்பச்சிலை எல்லாம் வளர்க்கிறேன். இந்தச் செடிகளால் முடிந்ததும் முடியாததும் எனக்குத் தெரியும்.

அக்காவின் பட்டியலில் முதலில் இருப்பது ‘சிட்ரோனெல்லா செடி’ என்ற பெயரில் விற்கும் ஜெரானியம். இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வீசும், உண்மைதான். ஆனால் கடைகளில் கிடைக்கும் சிட்ரோனெல்லா எண்ணெய் இந்தச் செடியிலிருந்து வருவதில்லை. அது ஒரு புல்லிலிருந்து எடுப்பது. நம் எலுமிச்சைப்புல்லுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். இலங்கை வகை, ஜாவா வகை என்று அதில் இரண்டு உண்டு. ஜெரானியத்துக்கும் அந்தப் புல்லுக்கும் குடும்ப உறவே கிடையாது. 1990களில் அக்கா வாழும் கனடாவிலேயே இந்த ஜெரானியத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் செடி இல்லாத இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் கொசுத் தொல்லையில் வேறுபாடு இல்லை.

காரணம் எளிது. கொசுவுக்குப் பிடிக்காத எண்ணெய் இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைபட்டிருக்கிறது. கசக்கினால், வாட்டினால், புகைத்தால்தான் அது காற்றில் கலக்கும். செடி சும்மா நிற்கும்போது கசிவது மிகக் குறைவு. மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம், இதற்கென்றே குடிசைகள் கட்டி உயிருள்ள தொட்டிச் செடிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர் வரப்போரம் முளைக்கும் நாய்த்துளசி, மலேரியா பரப்பும் கொசுக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தடுத்தது. உண்ணிச்செடி மூன்றில் ஒரு பங்கைத் தடுத்தது. பத்துக் கொசுவில் நான்கு திரும்பிப் போனது நல்லதுதான். மீதி ஆறு உள்ளே வந்துவிட்டன என்பதையும் பார்க்க வேண்டும். இலைகளைச் சூடாக்கி மணத்தை எழுப்பியபோது பலன் கூடியது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் அப்பாயிதான், அப்பாவின் அம்மாதான், நினைவுக்கு வந்தார். மாலை விளக்கு வைக்கும் நேரம், மாட்டுக் கொட்டகையின் மூலையில் உடைந்த மண்சட்டியில் நெருப்புக் கங்கு போட்டு, மேலே உமியைத் தூவி, அதன்மேல் பச்சை நொச்சித் தழையும் வேப்பந்தழையும் வைத்து மூட்டம் போடுவார். தழை காய்ந்திருக்கக் கூடாது. காய்ந்தால் பற்றிக்கொண்டு எரிந்துவிடும், புகையாது. நெருப்பு எழுந்தால் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். மாடுகள் வாலடிப்பதை நிறுத்திவிட்டு அசைபோடத் தொடங்கும். கார்த்திகை மாதத்தில் பேய்மிரட்டி இலையைப் பறித்துவந்து திரியாக முறுக்கி, எண்ணெயில் தோய்த்து அகலில் ஏற்றுவார். பச்சை இலையே திரியாக நின்று எரியும்; பார்த்தவர்கள் இந்தக் குழுவிலேயே பலர் இருப்பீர்கள். நொச்சிச் செடி வேலியில் நின்றால் போதும் என்று அப்பாயி ஒருநாளும் இருந்ததில்லை. அதை ஒடித்து வேலை வாங்கினார்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பாயி விரட்டியது அந்தியிலும் இரவிலும் கடிக்கும் கொசுவை. சாக்கடையிலும் கழிவுநீரிலும் பெருகும் அந்தக் கொசுதான் யானைக்கால் நோயைப் பரப்பியது. இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் படுக்கவைப்பது வேறு கொசு. உடம்பிலும் காலிலும் வெள்ளை வரிகள் கொண்ட ஏடிஸ். அது பகலில், முக்கியமாகக் காலையிலும் மாலை மங்குவதற்கு முன்பும் கடிக்கும். சாக்கடையை விடத் தெளிந்து தேங்கிய நீரைத்தான் அது தேடும். பள்ளி நடக்கும் பகல் நேரத்தில் வகுப்பறையில் மூட்டம் போட முடியாது, போடவும் கூடாது. புகை எதன் புகையானாலும் சிறு பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது. இழுப்பு உள்ள பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

இனி தொட்டிகளுக்கு வருகிறேன். என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். இங்கே சிங்கப்பூரில் வீடுவீடாகச் சோதிக்க வரும் அதிகாரிகள் முதலில் தூக்கிப் பார்ப்பது பூந்தொட்டியின் அடித்தட்டை. சில ஆண்டுகளுக்கு முன் என் துளசித் தொட்டியைத் தூக்கிய அதிகாரி, தட்டில் நெளிந்த புழுக்களை டார்ச் வெளிச்சத்தில் எனக்குக் காட்டினார். கொசுவுக்கு ஆகாது என்று நான் நட்ட செடியின் காலடியிலேயே அது குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அன்றே தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன். தட்டு மட்டுமல்ல, தொட்டி மண் இறுகிப்போனால் மேலே நீர் தேங்கி நிற்கும், அதுவும் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். அவை ஈரமின்றிப் பல மாதம் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தேய்த்துக் கழுவ வேண்டும். நாற்பது தொட்டிகளைக் கோடை விடுமுறையில் யார் பார்ப்பார்கள்? இருக்கும் ஆசிரியர்கள் பாடம் நடத்துவார்களா, தட்டு தேய்ப்பார்களா?

செடியே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நொச்சி வேண்டும், தரையில் வேண்டும். பள்ளிக்கூடத்தின் தெற்கு வேலியிலிருந்து வாய்க்கால் படித்துறை வரை வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் நொச்சி நட வேண்டும். இதற்கு நாற்றங்காலுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஐயனார் கோயில் மேட்டில் நிற்கும் நொச்சியிலிருந்து விரல் பருமனுள்ள முற்றிய கிளையை முழ நீளப் போத்தாக வெட்டி, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றினால் மழைக்காலத்தில் தானே வேர்விடும். கையை விரித்தது போன்ற ஐந்து இலைகள், சிலவற்றில் மூன்று. மேலே பச்சை, அடியில் சாம்பல் வெளுப்பு. நீலம் கலந்த ஊதாப்பூ. ஆடு கடிக்காது. ஊர் ஆடுகளிடமிருந்து ஒரு செடியைக் காப்பாற்ற என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும். தழையைச் சளிக்கு ஆவி பிடிக்கலாம், குதிரில் நெல்லோடு போட்டுவைக்கலாம், கிளையில் கூடை முடையலாம். சென்னை மாநகராட்சியே ஒரு காலத்தில் கொசுத் தொல்லைக்காக நொச்சிக் கன்றுகளை மக்களுக்கு வழங்கியது. முற்றுகையிட வந்தவன் உழிஞைப் பூச் சூடினான், கோட்டைக்குள்ளிருந்து மதிலைக் காத்தவன் நொச்சி சூடினான் என்பது நம் பழைய போர் மரபு. பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு போத்தை அவர்கள் கையாலேயே நடச் செய்யலாம்.

மெல்பர்ன் தம்பி கொசு அண்டாமல் தோலில் பூசும் எண்ணெய்களைப் பற்றிக் கேட்டிருந்தார். சிட்ரோனெல்லா, எலுமிச்சைப்புல் எண்ணெய்களின் காவல் வெகுநேரம் நிற்காது. அடிக்கடி பூச வேண்டும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயிலிருந்து செய்யும் பூச்சு அவற்றை விட நன்றாக நிற்கிறது, ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைப் பூசக் கூடாது. எந்த எண்ணெயையும் கலக்காமல் அப்படியே தோலில் தேய்க்க வேண்டாம்.

இப்போது சொல்லத் தயங்கிய ஒன்று. போன தை மாதம் ஊருக்குப் போனபோது மேலத்தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். பூட்டிக் கிடந்த வீடுகள் பதினேழு. பதினேழும் நம்முடையவை, இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பவர்களுடையவை. எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மாவின் ஆட்டுக்கல் மழைநீர் நிறைந்து கிடந்தது, குழவி பக்கத்தில் சாய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன், புழு. மாடித் தொட்டியின் மூடி காற்றில் பறந்து பக்கத்துத் தோப்பில் கிடந்தது. கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாயில் வலை இல்லை. கொட்டாங்கச்சி, பழைய டயர், கவிழ்க்காமல் விட்ட அண்டா என்று மற்ற வீடுகளிலும் இதே கதை. ஏடிஸ் வெகுதூரம் பறக்கும் கொசு அல்ல, பிறந்த இடத்தைச் சுற்றியே வாழ்வது. மேலத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு களம்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் கடித்த கொசு எங்கள் ஆட்டுக்கல்லில் பிறந்ததாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகையால் என் கருத்து இது. தொட்டிச் செடிக்கு ஒதுக்கிய பணத்தில் பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி, சன்னல்களுக்குக் கொசுவலை, பூட்டிய வீடுகள் அனைத்தின் காற்றுக்குழாய்களுக்கும் வலை போட்டுவிடலாம். பொதுக்கிணற்றில் விட, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை பூட்டிய வீடுகளின் கொல்லையைச் சுற்றிவர ஊரில் இருக்கும் இளைஞர்கள் இருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் அவர்களால் உள்ளே போக முடியாது. அதனால் மேலத்தெருவில் வீடு உள்ளவர்கள் யாரிடம் சாவி கொடுத்திருக்கிறீர்கள் என்பதை எனக்குத் தனி மடலில் தெரிவியுங்கள். பட்டியலை நான் தொகுக்கிறேன். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லை மண்போட்டு நிரப்பி அதில் துளசி வைக்கச் சொல்லிவிட்டேன். மாடித் தொட்டிக்குப் புது மூடி போட்டாயிற்று.

அக்கா, உங்களுக்கு வருத்தமில்லை என்றால் நொச்சி நடும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் பேச வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் குழி எடுத்துவைத்தால் ஐப்பசி முதல் மழைக்குப் போத்து ஊன்றிவிடலாம்.

அன்புடன்,
மேலத்தெரு, சிங்கப்பூரிலிருந்து