வாசலில் இருந்த அடீனியம் என்ற பாலைவன ரோஜாச் செடியைத் தொட்டியோடு தூக்கிவிட்டார்கள், புகார் கொடுக்கலாமா?

செடிப்பிரியை, திருச்சி:
எங்கள் வீடு தெருமுனையில் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே படியோரம் அடீனியத் தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறேன். போன வாரம் காலையில் கோலம் போட வந்தால், அதில் பெரியதைக் காணோம். நான் விதை போட்டு வளர்த்தது. அடித்தண்டு தேங்காய் அளவுக்குப் பருத்திருக்கும், இடப்பக்கம் ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு. திண்ணையில் இருந்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டிகளும் மண்புழு உர மூட்டையும் கூடவே போயிருக்கின்றன.

பக்கத்து வீட்டு அக்கா, "மணி பிளான்ட்டைத் திருடி வச்சாத்தான் நல்லா வரும்னு சொல்லுவாங்கல்ல, அப்படி யாராவது எடுத்திருப்பாங்க, விடு" என்கிறார். என்னால் விட முடியவில்லை. ஒரு கொடியை ஒடித்துக்கொண்டு போவது வேறு. உரத்தையும் சேர்த்து எடுத்தவருக்குச் செடி வளர்க்கத் தெரியும். அது வளர எத்தனை வருஷம் ஆகும் என்பதும் தெரியும். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. போலீசில் சொன்னால் மதிப்பார்களா? மீதிச் செடிகளை எப்படிக் காப்பாற்றுவது?

வேர்முடிச்சு, கோவை:
கட்டாயம் புகார் கொடுங்கள் அக்கா. தொட்டிச் செடியை எடுத்தாலும் திருட்டுதான், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 303-ஆம் பிரிவில் வரும். மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் தடவையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தழும்பு தெரிகிற பழைய போட்டோ இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். எந்த இரண்டு அடீனியத்துக்கும் அடித்தண்டு ஒரே மாதிரி இருக்காது.

செடியின் அருமை தெரிந்தவர்களே திருடுவது எல்லா ஊரிலும் உண்டு. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் 2014 ஜனவரியில் உலகிலேயே மிகச் சிறிய அல்லிச் செடி ஒன்றைத் தூக்கினார்கள். அதன் சொந்த இடம் ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்றோரம். அங்கே அழிந்துபோனதாகவே அப்போது நினைத்திருந்தார்கள். கார்லோஸ் மக்தலேனா என்பவர் அதன் விதையை முளைக்கவைத்துக் கரையேற்ற ரொம்பப் பாடுபட்டார். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்தில் பனை போலத் தெரியும் அரிய சைகாட் செடிகள் 20-க்கும் மேல் திருட்டுப் போயின.

மொட்டைமாடி, மதுரை:
தொட்டிக்குள் அடியில் குறுக்காக ஒரு கம்பித் துண்டைப் போடுங்க. அதில் தடிமனான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியைக் கட்டி, வடிகால் ஓட்டை வழியாக வெளியே எடுத்து கேட்டில் முறுக்கிவிடுங்க. கொறடா இல்லாமல் அசைக்க முடியாது. உர மூட்டையை இனி உள்ளே வைங்க.

செடிப்பிரியை, திருச்சி:
நன்றி தம்பி. மதுரைக்காரருக்கும் நன்றி. பொங்கலுக்கு எடுத்த படத்தில் அந்தத் தழும்பு தெளிவாகத் தெரிகிறது, பிரிண்ட் போட்டுவிட்டேன். நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஆனால் கம்பி தொட்டியைத்தான் பிடிக்கும், செடியை அல்ல. அதனால் அந்த யோசனை வேர் தொட்டியை நிறைத்துவிட்ட செடிகளுக்குச் சரி, அவற்றைக் கையால் பிடுங்க முடியாது. போன மாதம் மண் மாற்றியவை இன்னும் வேர் பிடிக்கவில்லை, இழுத்தால் வந்துவிடும். அவற்றை மட்டும் மாடிக்கு ஏற்றிவிடுகிறேன், அங்கே வெயிலும் நன்றாகக் கிடைக்கும்.